கம்பி இல்லாமல் தாவும் படம்!
செல்போனில் இருந்து டி.வி.க்குப் போவது எப்படி?

குற்றாலத்தில் சீசன். ஒரு குடும்பம் ஐந்தருவியில் குளித்துவிட்டு விடுதிக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே சாரல். குழந்தைகளுக்குச் சினிமா பார்க்க ஆசை. அப்பா செல்போனில் ஒரு படத்தைத் தொடுகிறார். மறு விநாடி அது சுவரில் உள்ள டி.வி.யில் ஓடுகிறது!

பாட்டிக்கு வியப்பு. சென்னையில் டி.வி. நிலையம் தொடங்கியது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி. அந்த அலை தென்காசிக்கு எட்டவில்லை. இன்று படம் கைக்குள் இருந்து தாவுகிறது.

இது மாயம் அல்ல. இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

விலாசம் சொல்லும் வழி

இதில் செல்போன் படத்தை அனுப்புவதே இல்லை. "படம் இன்டர்நெட்டில் இன்ன இடத்தில் இருக்கிறது" என்று விலாசம் மட்டும் சொல்கிறது. டி.வி. தானே போய் எடுத்துக்கொள்கிறது. மளிகைக் கடைக்குச் சீட்டு கொடுத்து அனுப்புவது போலத்தான். போனும் டி.வி.யும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கூகுள் நிறுவனம் 2013-ல் விற்கத் தொடங்கிய 'குரோம்காஸ்ட்' என்ற சிறு கருவி இப்படி வேலை செய்தது. 2024-ல் அதன் தயாரிப்பு நின்றது. ஆனால் அந்த வசதி இப்போது பல டி.வி.களுக்குள்ளேயே இருக்கிறது.

கண்ணாடி வழி

போன் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே டி.வி.யில் தெரியும். 2012-ல் வந்த 'மிராகாஸ்ட்' இந்த வகை. போனில் உள்ள போட்டோவைக் காட்ட இன்டர்நெட்கூட வேண்டாம். ரேடியோ அலை போனில் இருந்து நேரே டி.வி.க்குப் போகும்.

ஆபத்து இங்கேதான்!

அம்மாவின் போனில் உள்ள அருவி போட்டோக்களை உறவினர்கள் டி.வி.யில் ரசிக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கையின் செய்தி வருகிறது. "அக்கா, அடகு நகையை மீட்டாச்சா?" அத்தனை பேரும் படித்துவிடுகிறார்கள்! பாங்கு அனுப்பும் ரகசிய எண்ணும் இப்படித்தான் தெரியும்.

மோசடிக்காரர்களும் இதே கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைக் காட்டும் வசதி 2023-ல் வந்தது. "பாங்கில் இருந்து பேசுகிறோம். உங்கள் திரையைக் காட்டுங்கள்" என்பார்கள். காட்டினால் உங்கள் ரகசிய எண் அவர்கள் கண்ணில் படும். பணம் பறிபோகும். அப்படி யாராவது கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஆகவே, சினிமாவுக்கு விலாச வழி போதும். போட்டோ காட்டக் கண்ணாடி வழி வேண்டும் என்றால், முதலில் செய்தி அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.

விடுதியைக் காலி செய்யும்போது துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்ப்போம். அந்த டி.வி.யில் நம் கணக்கைத் திறந்திருந்தால் அதையும் மூடிவிட வேண்டும். தென்காசியில் ரெயில் ஏறிய பிறகு நினைவு வந்தால், அடுத்து வந்தவர் நம் செலவில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்!