விமான சோதனை... ஓடுதளத்திலா, பேப்பரிலா?

திருச்சி: 2018 அக்டோபர் 12ஐ திருச்சிக்காரங்க மறந்திருக்க மாட்டாங்க. துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஏர்போர்ட் காம்பவுண்ட் சுவரை இடித்துவிட்டு பறந்தது. 136 பேருடன் மும்பையில் பத்திரமாக தரையிறங்கியது.

நடந்த பிறகு விசாரிப்பது ஒருபக்கம். நடக்கும் முன்பே ஓட்டையை கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு விமான கம்பெனியிலும் உள் தணிக்கை இருக்கிறது. பைலட் டிரெயினிங், ஓய்வு நேரம், சரக்கு ஏற்றுவது என எல்லாவற்றையும் கம்பெனி ஆட்களே சோதித்து ரிப்போர்ட் எழுத வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டே சரியில்லை என்றால்? 2023 ஜூலையில் மத்திய அரசின் டிஜிசிஏ அதிகாரிகள் ஏர் இந்தியாவில் ஆய்வு நடத்தினர். சில உள் சோதனைகள் ஒப்புக்கு நடந்தது அம்பலமானது. விமான பாதுகாப்பு பிரிவு தலைவரின் அங்கீகாரம் ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்யப்பட்டது.

சிக்கல் இதுதான். தப்பு இருக்குன்னு எழுதினால் விமானம் லேட்டாகும், மேலிடம் முறைக்கும். சோதிப்பவருக்கு சம்பளம் தருவதும் அதே கம்பெனி. 'எல்லாம் ஓகே' என டிக் அடித்தால் யாருக்கும் தொல்லை இல்லை.

அதனால் டிஜிசிஏ பைலை மட்டும் புரட்டினால் போதாது. ரிப்போர்ட்டில் உள்ள தேதி, நேரத்தில் சோதனை நிஜமாகவே நடந்ததா என சிசிடிவி பதிவோடு ஒப்பிட்டு பார்க்கணும். ஒவ்வொரு ஏர்போர்ட்டிலும் செய்வார்களா?