ஜெய் ஜவானும் ஜெய் கிசானும் ஒரே ஆளு தாங்க

எங்க பொதட்டூர்பேட்டைல யாராச்சும் தவறிட்டா அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பஸ் ஸ்டாண்டு சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்துடும். தோற்றம், மறைவு, ஒரு போட்டோ, கீழ "மீளாத்துயரில்"னு பேரன் பேத்தி லிஸ்ட். கொஞ்ச நாள் முன்னாடி எங்க தெருவுல ஒரு தாத்தா போயிட்டாரு. வயசு 80. போஸ்டர்ல அவர் பேருக்குக் கீழ "முன்னாள் ராணுவ வீரர், விவசாயி" அப்படின்னு மட்டும் போட்டிருந்தாங்க. 80 வருஷ வாழ்க்கைக்கு ஒரே ஒரு வரி!

போஸ்டர் அடிச்சவங்களைக் குத்தம் சொல்ல வரல. செத்தவங்களை ஞாபகம் வெச்சுக்கறதுல நம்ம மொத்தப் பேருக்குமே ஒரு பழக்கக் கோளாறு இருக்குங்கறதுதான் இந்தப் பதிவு.

நாம பெரும்பாலும் சண்டைல செத்தவனுக்குத்தான் கல்லு நடுவோம். செங்கம் பக்கம் போனீங்கன்னா ஆயிரம் வருஷத்துக்கும் முந்தின நடுகற்கள் இருக்கு. மாடு மீட்கப் போய் செத்தவனுக்கெல்லாம் கல்லு. முதல் உலகப் போருக்கு அப்புறம் வெள்ளைக்காரன் நம்ம கிராமங்கள்ல வெச்ச கல்லையும் பாருங்க, "இந்த ஊர்லேர்ந்து இத்தனை பேர் போனாங்க, அதுல இத்தனை பேர் உயிரைக் குடுத்தாங்க"ன்னு இருக்கும். திரும்பி வந்தவங்க என்ன ஆனாங்க? அதைப் பத்தி கல்லு பேசாது. திரும்பி வந்து ஏர் ஓட்டினவனுக்கு எந்த ஊர்லயும் நடுகல் கிடையாது.

தாத்தா விஷயத்துக்கு வருவோம். 1962 சீனப் போருக்கு அப்புறம் ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தாங்க இல்லையா, அதுல 1963ல போனவர். வயசு 18. இன்னொரு கூத்து, அவர் பிறந்தப்போ இந்த ஊரு மதராஸ் மாகாணம். 1953ல ஆந்திரா ஆயிடுச்சு. எல்லைப் போராட்டமெல்லாம் நடந்து 1960 ஏப்ரல் 1ம் தேதி திருத்தணி தாலுகாவோட சேர்ந்து திரும்ப மதராஸ் ராஜ்யத்துக்கு வந்துச்சு. 15 வயசுக்குள்ள, வீட்டுத் திண்ணைய விட்டு இறங்காமலே ரெண்டு தடவை ஸ்டேட் மாறிட்டாரு மனுஷன் :-)

சேர்ந்தது பெங்களூர்ல இருக்கற மதராஸ் சாப்பர்ஸ். 1780ல ஆரம்பிச்ச படை. ராணுவத்துல அவங்களுக்குச் செல்லப் பேரே "தம்பி"தான். துப்பாக்கியோட முன்னாடி ஓடறவங்களை மட்டுமே சினிமாவுல பாத்த நமக்கு இவங்க வேலை தெரியாது. பாலம் கட்டறது, ரோடு போடறது, கண்ணிவெடி எடுக்கறது. 1971ல பசந்தர் ஆத்துச் சண்டைன்னா நமக்கு அருண் கேத்ரபாலோட டாங்கிதான் ஞாபகம் வரும். அந்த டாங்கிகளுக்காக ராத்திரியோட ராத்திரியா கண்ணிவெடி வயல்ல பாதை போட்டது மதராஸ் சாப்பர்ஸோட 9வது இன்ஜினியர் ரெஜிமெண்ட். அதுல இருந்த தம்பிங்க எத்தனை பேரை நமக்குப் பேர் சொல்லித் தெரியும்?

சரி, போர்ல செத்தவங்களையாச்சும் ஒழுங்கா ஞாபகம் வெச்சிருக்கோமான்னா அதுவும் இல்ல. அதே மதராஸ் சாப்பர்ஸ்ல சுபேதார் சுப்பிரமணியம்னு ஒருத்தர். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கம். 1944 பிப்ரவரி 24, இத்தாலில மிக்னானோ பக்கத்துல கண்ணிவெடி தேடிட்டுப் போன குழுவுல ஒருத்தர் வெடி மேல காலை வெச்சுட்டாரு. அந்த மாதிரி வெடி, மிதிச்சதுக்கும் வெடிக்கறதுக்கும் நடுவுல சில வினாடி இருக்கும். அந்த நேரத்துல சுப்பிரமணியம் வெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்களைக் காப்பாத்திட்டுச் செத்தாரு. அதுக்கு ஜார்ஜ் கிராஸ் குடுத்தாங்க. நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். நம்ம பசங்க எத்தனை பேர் இந்தப் பேரைக் கேட்டிருப்பாங்க? ஜார்ஜ் கிராஸ் வாங்கினவருக்கே இந்தக் கதின்னா, உயிரோட திரும்பி வந்து கரும்பு போட்ட தாத்தாவை யாரு கேக்கப் போறா?

கணக்கு போட்டுப் பாருங்க. தாத்தா ராணுவத்துல இருந்தது 15 வருஷம். 1978ல 33 வயசுல திரும்பி வந்துட்டாரு. அப்புறம் 47 வருஷம் விவசாயி. கரும்பு போட்டு திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்கு வெட்டி அனுப்பினாரு, நிலக்கடலை போட்டாரு, நெல்லு போட்டாரு. யார் கிணத்துல பாறை வந்தாலும், வெடி வெக்கறதுக்கு முன்னாடி இவரைக் கூட்டிட்டுப் போய் ஒரு பார்வை பாக்கச் சொல்லுவாங்க. பட்டாளத்துல கத்துக்கிட்டது ஊருக்கு உபயோகமானது அப்படித்தான். ஊர்ல பாதிப் பேரு தறியில இருக்கறப்போ, ரெண்டு பொண்ணையும் ஒரு பையனையும் நிலத்தை நம்பியே படிக்க வெச்சாரு.

1965ல லால் பகதூர் சாஸ்திரி "ஜெய் ஜவான் ஜெய் கிசான்" சொன்னாரு. அருமையான கோஷம், மறுக்கல. ஆனா அதைக் கேக்கறப்போ ரெண்டு தனித்தனி ஆளுங்கன்னு தோணும். எல்லைல ஒருத்தன், வயல்ல ஒருத்தன். கிராமத்துல வந்து பாருங்க, ரெண்டும் ஒரே ஆளு. வாழ்க்கைல ஒரு பகுதிய எல்லைக்கும் மீதிய வயலுக்கும் குடுத்தவரு.

இதுல மூணாவதா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களுக்குக் கோஷமே கிடையாது. ஆயா. வருஷாந்திர லீவு ரெண்டு மாசம்னு வெச்சுக்கிட்டா, 15 வருஷத்துல தாத்தா வீட்ல இருந்தது சுமாரா ரெண்டரை வருஷம். மீதிப் பன்னெண்டரை வருஷம் நிலத்தைப் பாத்துக்கிட்டது யாரு? மணியார்டர் வந்தா வாங்கி, கூலி குடுத்து, புள்ளைங்களைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு? தாத்தாவுக்கு இது தெரியும். "நான் பட்டாளத்துல இருந்தேன், அவதான் காவல் காத்தா"ன்னு சொல்லுவாரு. குடும்பத்து மேல பாசம்னா என்னன்னு எனக்கு இதைவிடச் சுருக்கமா யாரும் சொன்னதில்ல.

இப்ப அந்த ஆயா என்ன பண்றாங்க தெரியுமா? குடும்ப பென்ஷனுக்கு அலையறாங்க. 1978ல போட்ட பென்ஷன் பேப்பர்ல ஆயா பேரு ஒரு மாதிரி, ஆதார்ல வேற மாதிரி. பிறந்த தேதி இடம் காலியா இருக்கு. தாத்தா உயிரோட இருந்தப்போ ஒரு விண்ணப்பத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. இப்போ அபிடவிட், போட்டோ, சாட்சி, ஒவ்வொரு ஜன்னலா நிக்கணும். ஞாபகம் வெச்சுக்கறதுங்கறது வெறும் செண்டிமெண்ட் இல்லைன்னு நான் சொல்றது இதனாலதான். ஒரு மனுஷனைப் பத்தின விவரம் எழுத்துல சரியா இல்லைன்னா, அவருக்கு அப்புறம் அவர் வீட்டம்மா கஷ்டப்படுவாங்க.

"வயித்துப்பாட்டுக்கு பட்டாளம் போனாங்க, இதுல என்ன பெருமை"ன்னு யாராச்சும் பின்னூட்டம் போடுவீங்க, தெரியும். ஆமா, வயித்துப்பாட்டுக்குத்தான் போனாரு. அவரே அதை மறைச்சதில்ல. நான் போரைக் கொண்டாடச் சொல்லலையே. வயித்துப்பாட்டுக்குப் போனவன் அங்க என்ன பாத்தான், திரும்பி வந்து எப்படிப் பொழைச்சான்னு எழுதி வைக்கச் சொல்றேன். ராஜாக்கள் கதைய எழுத ஆயிரம் பேர் இருக்காங்க.

இது பழைய கதையும் இல்ல. 2022ல வந்த அக்னிபத் திட்டத்துல போறவங்களுக்கு நாலே வருஷம்தான். அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத் தக்க வெச்சுக்குவாங்க, மத்தவங்க பென்ஷன் இல்லாம ஊருக்குத் திரும்பணும். இருபதுகள்லயே பட்டாளத்தை விட்டு வெளிய வந்துடுவாங்க. அவங்க வாழ்க்கைல முக்கால்வாசி, திரும்பி வந்த பிறகுதான் இருக்கு. அந்த வாழ்க்கைய மதிக்கத் தெரியாத ஊருக்கு அவங்க திரும்பி வந்து என்ன பண்ணுவாங்க?

அதனால பதிவெழுதற மக்களே, ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல, உங்க தெருவுல ஒரு மிலிட்டரிக்காரர் நிச்சயம் இருப்பாரு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் பேப்பரையும் ஸ்கேன் பண்ணிக் குடுங்க. வீட்டம்மா பேரு, பிறந்த தேதி சரியா இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரையே கூட்டிட்டுப் போங்க. அப்புறம் உக்காந்து பேசுங்க. சண்டைய மட்டும் கேக்காதீங்க. திரும்பி வந்த முதல் வருஷம் என்ன பயிர் வெச்சீங்கன்னு கேளுங்க. பக்கத்துல ஆயா இருந்தா, அவங்களை முதல்ல கேளுங்க.