சொல்லாமல் விட்டால்?

விருந்தாளி "காப்பி" என்று மட்டும் சொன்னால், நீங்கள் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுவந்து வைப்பீர்கள். அவர் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல்லாததை வீட்டு வழக்கம் நிரப்பிவிடுகிறது. வந்தவர் நீரிழிவுக்காரரானால்தான் சங்கடம்!

கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களிலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. 'டிஃபால்ட்' என்பார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்ணோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், 'கிட்' என்ற பெயரைச் சொல்வாள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் ஆரம்பித்தது. பலர் சேர்ந்து எழுதும் புரோகிராமில் யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைப்பது அதன் வேலை. ஒவ்வொரு காரியத்தையும் தனித்தனிக் 'கிளை'யாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதியதைப் பொது இடத்துக்கு அனுப்பும் கட்டளை 'கிட் புஷ்'. எந்தக் கிளை என்று சொல்லாமல் விட்டால்? முன்பெல்லாம், இரண்டு இடத்திலும் ஒரே பெயரில் இருந்த கிளைகள் அத்தனையும் கிளம்பிவிடும்! அரைகுறை வேலையும் கூடவே போகும். 2014 மே மாதம் வந்த 2.0 பதிப்பில் இதை மாற்றினார்கள்: இப்போது வேலை செய்யும் கிளை மட்டுமே போகும். பழையபடி வேண்டுமென்றால் 'புஷ்.டிஃபால்ட்' என்ற அமைப்பில் 'மேச்சிங்' என்று எழுதிக்கொள்ளலாம்.

நான் மெச்சுவது மாற்றத்தைவிட, அதை அறிவித்த விதத்தைத்தான். வழக்கம் மாறப்போகிறது என்று முந்திய பதிப்பிலேயே திரையில் எச்சரித்தார்கள். கையேட்டிலோ, அந்த அமைப்புக்கு என்னென்ன மதிப்பு தரலாம், ஒவ்வொன்றும் என்ன செய்யும், ஒன்றுமே சொல்லாவிட்டால் எது நடக்கும், எந்தப் பதிப்பிலிருந்து அப்படி என்று எல்லாம் இருக்கிறது. பழைய பதிப்போடு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கடைசிச் செய்திதான் உயிர். அது இல்லாவிட்டால், தோழிக்குச் சரியாக நடந்தது தனக்கு மட்டும் ஏன் விபரீதமாயிற்று என்று தெரியாமல், தன்னையே நொந்துகொள்வாள்.

புது மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டு, "இந்த வீட்டு வழக்கம்கூடத் தெரியாதா?" என்று கேட்கும் மாமியாரை நாம் பார்த்ததில்லையா? கையேடு எழுதுகிறவர்கள் அந்த மாமியாராக இருக்கலாகாது. உங்கள் பெண் அந்த வேலையில் இருந்தால், இன்று சாப்பாட்டு வேளையில் கேளுங்கள்: "ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதி வைத்திருக்கிறாயா, அம்மா?"