நீராவிக் கப்பலை ஆவியோடு காப்போம்!

பழைய பொருள்களை நாம் பெரும்பாலும் இரண்டு விதமாக நடத்துகிறோம். பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுகிறோம். அல்லது அருங்காட்சியகத்தில் நிறுத்தி, ‘தொடாதே’ என்று பலகை மாட்டுகிறோம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பழைய பொருளை அதன் பழைய வேலையிலேயே வைத்திருப்பதுதான் அது. நீராவிக் கப்பலுக்கு இவ்வழியே தக்கது என்பது என் துணிபு.

துறைமுகங்களில் ‘டக்’ என்று சொல்லப்படும் இழுவைக் கப்பலையே எடுத்துக்கொள்வோம். உருவில் சிறியது, ஆனால் தன்னைப்போல் பன்மடங்கு பெரிய கப்பலைக் கயிறு கட்டி இழுத்து வந்து துறையில் சேர்ப்பது. இந்த வேலைக்கு நீராவி எஞ்சின் மிகப் பொருத்தமாக அமைந்தது. எஞ்சின் நின்றுகொண்டிருக்கும் நிலையிலேயே நீராவியின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளத் தயாராக இருக்கிறது. ஆகவே தொடக்கத்திலேயே முழு இழுவிசை கிடைத்துவிடும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1861இல் கட்டப்பட்ட ‘மேஃப்ளவர்’ என்னும் இழுவைக் கப்பலை அந்நகர அருங்காட்சியகத்தார் 1981இல் வாங்கி, 1987இல் மீண்டும் நீராவியில் ஓடச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 1902இல் கட்டப்பட்ட ‘வாரட்டா’ 1968இல் ஓய்வு பெற்றது. உடைக்கப்பட வேண்டிய அதனைத் தொண்டர்கள் மீட்டு, பல்லாண்டு உழைத்து, மறுபடி புகை விடச் செய்தார்கள்.

‘ஓட்டுவானேன்? வண்ணம் பூசி நிறுத்திவைத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. கொதிகலனில் அவசரப்பட்டு நெருப்பை மூட்டினால், தகடுகள் ஓரிடத்தில் விரிந்து ஓரிடத்தில் விரியாமல் நின்று, இணைப்புகள் கசியும். ஆகவே பெரிய கப்பல் கொதிகலனை மணிக்கணக்கில், சில வேளை ஒரு நாளுக்கு மேலும், சிறுகச் சிறுகச் சூடேற்றுவார்கள். இந்தப் பக்குவம் நூலைப் படித்து வருவதன்று. கையோடு கை பழகி வருவது. கப்பலை நிறுத்திவிட்டால் முதலில் அழிவது இரும்பு அன்று, அந்தக் கைப்பழக்கமே.

இதை நான் வீட்டிலேயே கண்டேன். என் பாட்டனார் புதுச்சேரி ஆலை ஒன்றில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவர். கைநாட்டு வைத்துத்தான் சம்பளம் வாங்கினார். புகைக்கூண்டில் எழும் புகையின் நிறத்தைப் பார்த்தே, நெருப்புக்குக் காற்று போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய நான், வெப்ப இயக்கவியல் பாடத்தில் இன்று எழுத்தெண்ணிப் படிப்பதில் ஒரு பகுதியை அவர் கண்ணாலும் காதாலும் அறிந்திருந்தார். அவர் மறைந்தார், அந்த அறிவும் உடன் மறைந்தது. எழுதி வைத்தவர் எவருமில்லை.

தமிழர்களாகிய நமக்கு நீராவிக் கப்பல் அந்நியப் பொருளா? வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908இல் அவர் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனியும் கலைந்தது. சிறையில் அவர் இழுத்த செக்கைச் சென்னை காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறோம். அவர் ஓட்டிய கப்பலின் ஒரு பலகைகூட நம்மிடம் இல்லை! துன்பத்தின் சின்னம் கிடைத்தது. சாதனையின் சின்னம் கிடைக்கவில்லை.

அன்று நாடு நம் கையில் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பிற்காலத்தில் நடந்ததென்ன? 1971 போரில் வங்கக் கடலில் பணியாற்றிய ‘விக்ராந்த்’தும் நீராவியால் இயங்கிய கப்பலே. 1997இல் ஓய்வு பெற்று, 2001 முதல் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. நின்ற இடத்திலேயே உளுத்தது. 2012இல் மூடப்பட்டு, 2014இல் ஏலம் போய் உடைபட்டது. அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிள் செய்யப் பயன்பட்டது.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். நீலகிரி மலை ரயிலைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், பின்னர் உதகை வரை 1908இலும் வந்த பாதை அது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கான நீராவி எஞ்சின்கள் பல முன்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. இன்றோ, திருச்சி பொன்மலைத் தொழிற்கூடத்தில் நம் தொழிலாளர்களே அவற்றைப் புதிதாகச் செய்கிறார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து வெளிவந்தது. மலையேறும் எஞ்சினைச் செய்த கைகளுக்குக் கடலில் செல்லும் எஞ்சின் எட்டாக்கனியா?

ஆகவே நான் வேண்டுவது இது. வ.உ.சி. பெயரையே தாங்கி நிற்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சிறு நீராவி இழுவைக் கப்பல் ஓட வேண்டும். பழைய கப்பல் எங்கேனும் கிடைத்தால் அதை மீட்கலாம். கிடைக்காவிடில் பழைய வரைபடத்தின்படி புதிதாகக் கட்டலாம். ‘புதிதாகக் கட்டியது பழமையாகுமா?’ என்பீர்கள். நாம் காக்க விரும்புவது தகட்டை மட்டும் அன்று, தொழிலையும்தான். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்கள் அதில் பயிற்சி பெறட்டும். பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கட்டும்.

செலவாகும், உண்மை. கரிப்புகையும் வரும், மறுக்கவில்லை. நாள்தோறும் ஓட்டச் சொல்லவில்லை. ஆண்டில் சில நாள்கள், கொதிகலன் ஆய்வாளரின் சான்றோடு ஓடினால் போதும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஆலைகளின் கொதிகலன் அறையில் நின்ற முதியவர்கள் சாரத்திலும் முதலியார்பேட்டையிலும் நம் தெருக்களிலேயே இருப்பார்கள். மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்களிடம் செல்வோம். நெருப்பை எப்படி மூட்டினீர்கள், எந்த ஓசையைக் கேட்டால் அஞ்சினீர்கள் என்று கேட்டு எழுதுவோம். இயற்பியல் துறை ஆசிரியர்கள் வழிகாட்ட வேண்டும். கப்பல் வரும் நாளில், அதற்கு நெருப்பு மூட்டத் தெரிந்த தலைமுறை ஒன்று இருக்க வேண்டுமல்லவா?

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன், சாரம், புதுச்சேரி