பிராண்ட் மாத்த முதல் லென்ஸுகளை எண்ணுவம்

நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கலைப்பீடம், ஐந்து பேருக்கும் படமெடுக்கிற விசர். எங்களிடம் இருப்பது இவ்வளவும்தான்: மூன்று பழைய கெனன் டிஎஸ்எல்ஆர் (அதில் ஒன்றின் பிடி ரப்பர் கழன்று சுப்பர் குளூவில் நிற்கிறது), மூன்று கிட் லென்ஸ், ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரு 55-250, ஒரு பிளாஷ், இரண்டு சார்ஜர். ஒன்று மாமா வெளிநாட்டில இருந்து வரேக்க கொண்டுவந்தது. ஒன்று ஏ.எல். முடிய அப்பா வாங்கித் தந்தது. மிச்சமெல்லாம் செக்கண்ட் ஹாண்ட். சொந்தக்காரர் தனித்தனி, பாவிக்கிறது எல்லாரும்.

போன மாதம் எங்களில் ஒருத்தன் கன்ரீனில் வைத்துச் சொன்னான், "மச்சான், நான் எல்லாத்தையும் வித்துப்போட்டு சோனிக்கு மாறப்போறன்." எல்லாத்தையும் என்றால் அவனுடைய பொடி, பிளாஷ், அந்த 50. அண்டைக்குத் தொடங்கின சண்டை இன்னும் முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சண்டையின் தொடர்ச்சி. எங்கட பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கமராவை மாத்தலாம், பிராண்டையும் மாத்தலாம். ஆனால் இப்ப எங்களைச் சுற்றி நடக்கிற மாதிரி, ஒவ்வொருத்தராகத் தனித்தனியே, ஆரோ சொன்னதுக்காக மாத்துறது பிழை.

முதலில் ஒரு விசயத்தைத் தெளிவாக்குவம். பிராண்ட் பிராண்ட் என்று நாங்கள் சண்டை பிடிப்பது உண்மையில் மவுண்டைப் பற்றித்தான். மவுண்ட் என்பது பொடியில் லென்ஸ் பூட்டுகிற வளையம். எந்த லென்ஸ் உங்கள் கமராவில் ஏறும், எது ஏறாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கெனனின் ஈஎஃப் மவுண்ட் 1987இல் வந்தது. நிக்கோனின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. டிஎஸ்எல்ஆரின் உள்ளே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதனால் மவுண்டுக்கும் சென்சருக்கும் இடையில் கெனனில் 44 மில்லிமீற்றர் தூரம், நிக்கோனில் 46.5. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை, தூரமும் குறைந்துவிட்டது: சோனி ஈ மவுண்டில் 18, கெனன் ஆர்எஃப்பில் 20, நிக்கோன் இசட்டில் 16. 

இதனால் என்ன? கெனன் டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறவர் கெனன் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் மவுண்ட் மாறத்தான் போகிறது. ஆனால் அந்த இடைவெளியை நிரப்புகிற ஒரு வெற்று வளையம், அதாவது அடப்டர், போட்டால் பழைய லென்ஸ் புதிய பொடியில் ஓட்டோபோகஸோடு ஒழுங்காக வேலை செய்யும். அதே லென்ஸைச் சோனியில் போடவும் அடப்டர் உண்டு. அது வேறு கம்பனிகள் செய்வது. படத்துக்குச் சமாளிக்கும், வீடியோவில் போகஸ் தடுமாறும். ஆகவே "எப்படியும் மாறத்தானே வேணும், பிறகு ஏன் கெனன்?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் லென்ஸுகளில் இருக்கிறது.

இன்னொரு பக்கத்தில், "நாங்க எப்பவும் கெனன்தான்" என்று நெஞ்சில் அடிக்கிற அண்ணைமாரும் இருக்கிறார்கள். அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. 1987இல் ஈஎஃப்பைக் கொண்டுவந்தபோது, அதுவரைக்கும் எஃப்டி லென்ஸ் வாங்கிச் சேர்த்தவர்களைக் கெனன் அப்படியே நடுத்தெருவில் விட்டது. பழைய லென்ஸ் புதிய பொடியில் ஏறாது. 2012இல் தொடங்கிய ஈஎஃப்-எம் மவுண்டையும் கைவிட்டுவிட்டது. நிக்கோன் 2011இல் தொடங்கிய "நிக்கோன் 1" வரிசைக்கும் அதே கதி. சாம்சங் 2010இல் என்எக்ஸ் என்று வந்து, சில வருடத்தில் கமராவே வேண்டாமென்று போய்விட்டது. கொனிக்கா மினோல்டா 2006இல் கடையைப் பூட்ட, அந்தத் தொழில்தான் சோனியின் கைக்குப் போனது. ஒலிம்பஸ் 2021 தொடக்கத்தில் கமராத் தொழிலை வேறு ஆட்களிடம் கைமாற்றியது. கம்பனிக்கு எங்களில் விசுவாசம் இல்லை. நாங்கள் மட்டும் ஏன் கம்பனிக்குப் பிள்ளைகள் மாதிரி நிற்க வேண்டும்?

சரி, விசுவாசம் வேண்டாம். அப்ப முன்னேற்றத்துக்காக மாறுவமா? யூரியூபைத் திறந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு கமரா எல்லாத்தையும் தலைகீழாக்குகிறது. அதில் உண்மையும் இருக்கிறது. கண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற போகஸ், பழைய டிஎஸ்எல்ஆரில் கனவிலும் இல்லை. வீடியோவும் அப்படித்தான். இதை மறுக்கிறவர் பொய் சொல்கிறார்.

ஆனால் நாங்கள் ஒரு வேலை செய்தோம். இரண்டு பின்னேரம் குந்தியிருந்து, எங்கட ஹார்ட் டிஸ்கில் கழித்துவிட்ட படங்களைத் திறந்து ஒவ்வொன்றும் ஏன் பழுதானது என்று எழுதினோம். தேர் திரும்பினாப் பிறகு போய்ச் சேர்ந்த படம். ஆளுக்குக் கிட்டப் போகக் கூச்சப்பட்டுத் தூரத்தில் நின்று எடுத்த படம். வெயிலுக்கு எதிரே நிற்கவைத்துக் கறுத்துப்போன முகம். பிறகு, இரவுக் கூத்தில் ஆடுகிறவரின் கை கால் எல்லாம் இழுபட்ட படங்கள். கமராவைக் குற்றம் சொல்லலாம் என்றால் அந்தக் கடைசி வகையைத்தான் சொல்லலாம். அதுவும் பொடியின் குற்றம் இல்லை. கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் 5.6க்கு மேலே திறக்காது. 50 மில்லிமீற்றர் லென்ஸ் 1.8க்குத் திறக்கும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். அண்டைக்கு அந்த 50 வேறொருத்தியிடம் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இது எங்கட கண்டுபிடிப்பும் இல்லை. 1950இல் கொரியப் போரைப் படமெடுத்த டேவிட் டக்ளஸ் டங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான் லென்ஸை உலகம் மதிக்கத் தொடங்கியதற்கு அவரும் ஒரு காரணம். அவர் தன்னுடைய லைக்கா பொடியைத் தூக்கி எறியவில்லை. அதே லைக்காவில் நிக்கோனின் நிக்கோர் லென்ஸைப் பூட்டிக்கொண்டு போனார். எங்கட பெடியள் செய்யப் பார்க்கிறதோ மறுவளம்: புதிய பொடியை வாங்கி, கையில் காசு முடிந்து, அதிலும் ஒரு கிட் லென்ஸைத்தான் பூட்டப்போகிறார்கள்.

காசைப் பற்றியும் கதைப்பம். இந்த நாட்டில் கமரா எல்லாம் இறக்குமதி. டொலர் ஏறினால் அதுவும் ஏறும். 2022 மார்ச்சில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் சில வாரங்களுக்குள் 300ஐத் தாண்டினதை எங்கட வீடுகள் இன்னும் மறக்கவில்லை. பாவித்த பொருளை விற்கப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பிறகு வாங்கப் போனால் பொடியோடு முடியாது. பற்றரி வேறு, சார்ஜர் வேறு. கெனனுக்கு வாங்கின பிளாஷ் சோனியில் ஓட்டோவில் ஓடாது. எங்கட பழைய லப்டொப்பில் இருக்கிற பழைய லைட்ரூம் புதிய கமராவின் ரோ பைலைத் திறக்காது. மிரர்லெஸ் என்றால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எங்கட ஆட்கள் பார்த்து வைத்திருக்கிற சோனி ஏ6400, இசட்வி-ஈ10, கெனன் ஆர்50, ஆர்10 எதிலும் பொடிக்குள் அந்த வசதி இல்லை. லென்ஸில் இருந்தால்தான் உண்டு.

எதிர்ப்பக்கத்தின் பலமான வாதத்தையும் மறைக்கக் கூடாது. சோனி ஈ மவுண்டுக்குச் சிக்மாவும் டம்ரோனும் மலிவாக நல்ல லென்ஸ் செய்கின்றன. செக்கண்ட் ஹாண்டிலும் கிடைக்கும். கெனன் தன்னுடைய ஆர்எஃப் கதவை அவர்களுக்கு நெடுநாள் பூட்டி வைத்திருந்தது. 2024இல்தான், அதுவும் சின்னச் சென்சர் கமராக்களுக்கு, அவர்களுடைய ஓட்டோபோகஸ் லென்ஸுகள் வரத் தொடங்கின. கையில் ஒரு லென்ஸும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிற ஒருவர் எங்களிடம் கேட்டால், சோனியையும் பார் என்றுதான் சொல்லுவம். ஆனால் நாங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லையே.

இனி உண்மையான விசயத்துக்கு வருவம். எங்கட நண்பன் சோனியில் ஆசைப்பட்டு மாறவில்லை. சனி ஞாயிறில் கலியாண வீட்டுக்குப் படமெடுக்கப் போகிறவன் அவன். அந்தக் காசில்தான் போர்டிங் வாடகை போகிறது, தங்கச்சியின் ரியூசன் காசும் போகிறது. அவனைக் கூப்பிடுகிற ஸ்ரூடியோ சொல்லிவிட்டது: "சோனி இருந்தா வா தம்பி, இல்லாட்டி வேற ஆளைப் பாக்கிறம்."

எங்கட கோபம் இந்த வசனத்தில்தான். ஸ்ரூடியோவுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது தெரியும். நாலு பேர் எடுத்த வீடியோவை ஒட்டும்போது எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒரே கமரா என்றால் எடிட்டருக்கு வேலை லேசு. நல்லது. அது ஸ்ரூடியோவின் தேவை. அப்படியென்றால் கமராவையும் ஸ்ரூடியோதானே கொடுக்க வேண்டும்? 2020இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோனிக்கு மாறியபோது, தன்னுடைய படப்பிடிப்பாளர்களுக்குக் கமராவைத் தானே கொடுத்தது. ஆளுக்காள் கடன்பட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. இங்கே ஒரு நாள் கூலிக்கு வருகிற கம்பஸ் பெடியன், சம்பளத்தைக் கூட்டிக் கேட்க வாயில்லாதவன், முதலாளியின் முதலீட்டைத் தன்ர தலையில் சுமக்க வேண்டுமாம். இதற்குப் பெயர் "அப்டேட் ஆகிறது". மேசன் வேலைக்கு ஆள் கூப்பிட்டு, கொங்கிறீற் மிக்சரும் வாங்கிக்கொண்டு வா என்று ஆரும் சொல்லுவினமா?

இதைச் சொன்னால் அவன் கேட்கிறான், "உங்களுக்குக் கதைக்க லேசு. அடுத்த கிழமை வேலை இல்லாட்டி நீங்களே காசு தருவியள்?" எங்களிடம் இதற்கு முழுப் பதில் இல்லை. ஆனால் கொஞ்சம் இருக்கிறது. கலியாண நாளுக்குச் சோனியை வாடகைக்கு எடுக்கலாம்; அந்த வாடகையைக் கூலியோடு சேர்த்துக் கேட்கலாம். அதே ஸ்ரூடியோவுக்குப் போகிற மற்றப் பெடியளும் சேர்ந்து கேட்டால் நாலு பேரையும் ஒரே நாளில் மாத்த ஏலாது. ஆறு மாதம் வாடகைக்கு எடுத்தும் வேலை தொடர்ந்து வந்தால், அப்ப வாங்கு. நாங்களே கூட வந்து கடையில் பேரம் பேசுவம்.

எங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? கதை அந்த 50இல் நிற்கிறது. முதலாம் வருடத் தங்கச்சி ஒருத்தி, கமராவே இல்லாதவள், ரப்பர் கழன்ற பொடியையும் அந்த 50ஐயும் இரவல் வாங்கிக்கொண்டு லீவுக்கு ஊருக்குப் போனாள். அம்மம்மா திண்ணையில் இருந்து பனையோலைப் பெட்டி இழைப்பதை மூன்று நாள் எடுத்தாள். கரண்ட் இல்லாத பின்னேரம், விளக்கு வெளிச்சம், ஓலையைப் பிடித்த விரல்கள். எங்கள் ஐந்து பேரின் படங்களையும் விட அது நல்ல படம். இப்ப அவள் அடுத்ததாக ஊரில் மற்றக் கிழவிகளையும் எடுக்கக் கேட்டிருக்கிறாள். அந்தக் கிழவிகளுக்கு வயது எண்பதுக்கு மேல். நாங்கள் பிராண்ட் மாறி முடியும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்று கமராவும் ஒரே மவுண்டாக இருக்கிறபடியால்தான் அந்த ஒரு லென்ஸ் ஆறு பேருக்குப் போதுமாக இருக்கிறது. ஒருத்தன் சோனி, ஒருத்தி நிக்கோன், ஒருத்தன் கெனன் என்று பிரிந்தால் ஒவ்வொருத்தரிடமும் ஒரு புதிய பொடியும் ஒரு கிட் லென்ஸும் இருக்கும். இரவல் கொடுக்க ஒன்றும் இருக்காது. வசதியுள்ளவர் தனியே எல்லாத்தையும் வாங்கலாம். எங்களைப் போன்றவர்களுக்கு மவுண்ட் என்பது ஆரிட்டை இரவல் வாங்கலாம் என்ற கேள்வி.

ஆகவே மாற நினைக்கிற எல்லாரிடமும் நாங்கள் கேட்பது இவைதான். உங்கள் கமராவால் தவறிப்போன ஒரு படத்தைக் காட்டுங்கள். லென்ஸால் தவறினதா, பொடியால் தவறினதா என்று பாருங்கள். புதிய கமராவை ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உங்கட வட்டத்தில் இருக்கிற லென்ஸுகளை ஒரு தாளில் எழுதி, நீங்கள் போனால் அதில் எது போகும் என்று பாருங்கள். அதற்குப் பிறகும் மாறத்தான் வேணும் என்றால் தாராளமாக மாறுங்கள். ஏலுமென்றால் எல்லாருமாகக் கதைத்து ஒரே பக்கம் மாறுங்கள்.

மச்சான், நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். பொடியை வில், பிளாஷை வில். 50ஐ மட்டும் கடையில் குடுத்துப்போடாதை. கடைக்காரன் சொல்லுற விலையை நாங்கள் நாலு பேரும் போட்டுத் தாறம். தங்கச்சி வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு முதல் அதை வாங்க வருவாள்.