சமதரையிலும் ஒரு மேடு உண்டு

பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து ஞாயிறு விடியலில் கிளம்பும் சைக்கிள்காரர்களுக்கு நந்தி மலை ஏறுவது கிட்டத்தட்ட ஒரு நேர்த்திக்கடன். ஊரே கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. அதற்கும் மேலே போய் மூச்சு வாங்கினால்தான் அவர்களுக்குத் திருப்தி. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள், நாற்பதைத் தாண்டியபின் சைக்கிளைத் தொட்டவர்கள் தேடுவது வேறு: மேடே இல்லாத ஒரு சாலை. கூடவே கடலும் இருந்தால் நல்லது.

அப்படி ஒரு வழி யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லால் ஆன தட்டையான நிலம். பெரும்பகுதி கடலுக்குச் சில மீட்டர்தான் மேலே. கோட்டையருகே தொடங்கி, பண்ணைப் பாலம் வழியாக வேலணைத் தீவு, ஊர்காவற்றுறை, அங்கிருந்து நீரைக் கடந்து காரைநகர், பிறகு பொன்னாலை, வட்டுக்கோட்டை, மானிப்பாய் என்று மறுபடி யாழ்ப்பாணம். எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நிதானமாக மிதித்தாலும் அரை நாள் போதும்.

பண்ணையில் சாலை கடலுக்குள்ளேயே போகிறது. இரு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். குச்சி நட்டு வலை கட்டிய மீன்பொறிகள். பருவத்தில் வந்திறங்கும் நீர்ப்பறவைகள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அல்லைப்பிட்டி தாண்டினால் பனைகள் வரும். ஊர்காவற்றுறையில் சாலை முடிகிறது. சைக்கிளோடு ஏறிக்கொள்ள மிதவை வரும். அதற்கு அந்த ஊரில் 'பாதை' என்று பெயர். கடலைக் கடக்கும் வாகனத்தையே பாதை என்று சொல்லும் ஊர் அது. குறுக்கே நீர் நடுவில் நிற்பது டச்சுக்காரர்கள் காலத்துக் கடற்கோட்டை. பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள்படும்படி அதற்கு ஹம்மன்ஹீல் எனப் பெயர் வைத்தார்கள். மறுகரையில் கடற்படைத் தளம் இருப்பதால் கேமராவைக் கொஞ்சம் அடக்கி வைப்பது நல்லது.

மேடு இல்லாத வழி என்றால் சுலபமான வழி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே மேட்டின் வேலையைக் காற்று செய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம். ஆண்டின் கடைசி மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடை. திறந்த கடற்பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால், மலை ஏறுவதைவிட அலுப்பு அதிகம். மலைக்காவது ஓர் உச்சி உண்டு, அதன்பின் இறக்கம் உண்டு. ஆகவே எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் சூட்சுமம். கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகவே போகலாம். சோளகக் காலத்தில் எதிர்க்காற்று பண்ணையில், கால் சோராத காலையிலேயே வந்து போய்விடும். காரைநகரிலிருந்து பொன்னாலைக்குக் கடல் மேல் வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். வாடைக் காலத்தில் பொன்னாலைப் பாலத்தில் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ஆனால் அதன்பின் வீடும் வேலியும் மரமுமாகக் காற்றை மறைக்கும் ஊர்கள். ஐந்தரை, ஆறு மணிக்குள் கிளம்புவதும், தண்ணீரைத் தாராளமாக எடுத்துக்கொள்வதும் எந்தக் காலத்துக்கும் பொது.

திரும்பும் வழியில் இறங்கிப் பார்க்கவும் இடமுண்டு. வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரி, பின்னாளில் யாழ்ப்பாணக் கல்லூரி ஆனது. மானிப்பாயில்தான் டாக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார்.

உல்லாசமாகச் சுற்றும் வெளியூர்க்காரர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அவரை முந்திக்கொண்டு லுமாலா சைக்கிளில் போகும் முதியவருக்கு இது சுற்றுலா அல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் செல்வதை இலங்கை அரசு தடுத்தது. பெட்ரோல் சொட்டுக் கணக்கில் விற்றது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின; மற்ற எல்லாவற்றையும் சைக்கிள்தான் சுமந்தது: விறகு, நெல் மூட்டை, மருத்துவமனைக்குப் போகும் நோயாளி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் ரேடியோவை இயக்கி பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். 1995 அக்டோபர் 30 அன்று லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, கையில் உருட்டிக்கொண்டு போனதும் அதைத்தான். அந்த ஆண்டுகளில் தீவுப் பக்கம் நினைத்தபோது போய்வருவது நடக்கிற காரியமில்லை. வேலணையில் கூரையிழந்து நிற்கும் வீடுகள் இன்னும் அதைச் சொல்கின்றன.

2022இல் இலங்கை முழுவதும் பெட்ரோலுக்கு வரிசையில் நின்றது. கொழும்பிலும் சைக்கிளுக்குத் திடீர் கிராக்கி; விலை எகிறியது. யாழ்ப்பாணத்துக்கு அது பழகிய பாடம். அரச தாள்களில் துவிச்சக்கர வண்டி என்றும் வீட்டில் சைக்கிள் என்றும் வழங்கும் அந்த வாகனம் அங்கே முற்றத்தைவிட்டுப் போகவே இல்லை.

ஆகவே இந்தச் சுற்றைச் சுலபமானது என்று சொல்லும்போது ஒரு நிமிடம் நிதானிக்கலாம். நிலம் எப்போதும் சமமாகத்தான் இருந்தது. காலையில் கிளம்பி, யாரும் மறிக்காமல், தீவைச் சுற்றி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிறது என்பதுதான் புதிது. சிவாஜிநகர்க்காரருக்கு நந்தி மலைக்கு மாற்றாகத் தோன்றும் அரை நாள் சவாரி, அந்த ஊர்க்காரர் நெடுநாள் காத்திருந்து பெற்றது. எதிரே வரும் சைக்கிளுக்கு வழிவிட்டு, ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.