மட்டிப்பழம் உங்களுடையது, பாக்கெட்டில் இருக்கும் படம் யாருடையது?

ஜிஎஸ்டி, லோன்னு பேசுற இடத்துல போட்டோவுக்கு என்ன வேலைன்னு கேக்கலாம். இதுவும் காசு விஷயம்தான்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் சின்னச் சின்ன யாவாரம் பண்ணுறவங்க பலரோட பாக்கெட்டுலயும் போஸ்டர்லயும் இருக்குறது கூகுள்ல தேடி எடுத்த படம். கேட்டா, "டிசைனர் தம்பி போட்டது, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாங்க. ஆனா படத்துக்குச் சொந்தக்காரர் நோட்டீஸ் அனுப்பினா, அது உங்க கடை பேருக்குத்தான் வரும்.

சட்டம் என்ன சொல்லுது?

1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி, ஒரு போட்டோவுக்கான உரிமை, எடுத்தவரோட வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். தெரிந்தே மீறினால் பிரிவு 63-ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம்னு 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 'நிட் புரோ' வழக்கில் சொல்லிடுச்சு. சட்டத்தை மீறியதுக்குக் கட்டுற அபராதத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

அப்போ ஸ்டாக் படமே வேண்டாமா?

அப்படி இல்லை. பின்னணிக்கு, பண்டிகை வாழ்த்துக்கு தாராளமா எடுங்க. பெக்சல்ஸ், பிக்சாபே மாதிரி தளங்கள்ல தொழிலுக்கும் இலவசமாவே கிடைக்கும். ஆனா அந்தப் படத்தை லோகோவா வச்சு டிரேட்மார்க் வாங்க நினைக்காதீங்க. கேன்வாவில் இருக்கும் ஸ்டாக் படத்துக்கும் இதே கதைதான். அது ஆயிரம் பேருக்குக் கிடைக்கிற படம், உங்களுக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

நீங்க விக்கிற பொருளுக்கு மட்டும் ஸ்டாக் படம் கூடவே கூடாது என்பது என் கட்சி. நம்ம கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. வாசனையான, சின்னப் பழம். ஸ்டாக் தளத்துல 'வாழைப்பழம்'னு தேடினா வர்றது பெரும்பாலும் நீளமான மஞ்சப் பழம். அதைப் பாக்கெட்டில் போட்டா, குறியீடு கொடுத்த மதிப்பை நாமே அழிக்கிறோம். வாங்குறவங்களுக்கும் நாம காட்டுறது ஒண்ணு, கொடுக்கிறது ஒண்ணு.

உள்ளூர் போட்டோகிராபரைக் கூப்பிட்டு ஒரு நாள் எடுத்து வச்சுக்கோங்க. நீங்க காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாட்டா, பிரிவு 17-ன்படி முதல் உரிமையாளர் நீங்கதான். டிசைனர் வரைஞ்ச லோகோவுக்கு இந்தச் சலுகையை நம்பாதீங்க. அதுக்கு உரிமையை எழுத்தில் மாத்தி வாங்கணும். காலம் எவ்வளவுன்னு எழுதாம விட்டா 5 ஆண்டுதான் செல்லும்.

மூணு வேலை, இந்த வாரமே

1. எந்தப் படம் எங்கிருந்து வந்ததுன்னு டிசைனர்கிட்ட எழுதி வாங்குங்க.
2. லைசென்ஸ், பில் ரெண்டையும் ஒரே ஃபைலில் வைங்க. நீங்க ஜிஎஸ்டி பதிவு செஞ்சவரா இருந்து, வெளிநாட்டுத் தளம் வரி போடாம பில் கொடுத்தா, ரிவர்ஸ் சார்ஜில் வரி நீங்க கட்டணும்.
3. எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத படத்தை, அடுத்த பாக்கெட் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்திடுங்க.

படத்துக்குச் செலவு பண்ண யோசிக்கிறவங்க, அச்சடிச்ச பாக்கெட் மொத்தத்தையும் ஒரு நோட்டீஸால தூக்கிப் போட வேண்டி வந்தா எவ்வளவு ஆகும்னு கணக்குப் போட்டுப் பாருங்க.